உப்புநீர்த் தொட்டியும் வேண்டாப் பாசியும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடற்கரையிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, கடல்மட்டத்துக்கு 700 மீட்டர் மேலே அமர்ந்திருக்கும் இந்த மலையில், உப்புநீர் மீன்தொட்டியில் படரும் பாசியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலோரத்தில் தொட்டி வைத்திருப்பவன் கவனக்குறைவாக இருந்தாலும் இரண்டு குடம் கடல்நீரைக் கொணர்ந்து மாற்றி ஊற்றித் தன் பிழையை ஒருவாறு மூடிக்கொள்ள இயலும். மலைமேல் வைத்திருப்பவனுக்கு அந்த வசதி இல்லாமையால், தொட்டிக்குள் எது போகிறது, தொட்டியிலிருந்து எது வெளியே வருகிறது என்ற வரவுசெலவை அவன் முதல் நாளிலிருந்தே எழுதிவைத்தாக வேண்டும். அந்த வரவுசெலவில் நின்றுபோன பாக்கி உயிர்கொண்டு வளரும்போது, அதற்குத்தான் நாம் வேண்டாப் பாசி என்று பெயர் வைக்கிறோம். இதுவே இன்று நான் சொல்ல வந்த விஷயத்தின் சாரம். இனிச் சொல்வனவெல்லாம் இதன் விரிவே.

பாசி என்றவுடன் முகம் சுளிப்பது நியாயமன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலிலேதான் நடைபெறுகிறது. அதைச் செய்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளே. பவளப் பூச்சி தன் உடலுக்குள்ளே ஒருவகை நுண்பாசியைக் குடிவைத்து, அது சமைத்துத் தரும் சர்க்கரையை உண்டே பெரும்பாலும் உயிர் வாழ்கிறது. பாறைமேல் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் ஓடு போலப் படியும் சுண்ணப்பாசியோ, தொட்டி நன்னிலையில் இருப்பதற்கு அடையாளம். ஆகவே பாசியே இல்லாத உப்புநீர்த் தொட்டி என்று ஒன்று இல்லை. எந்தப் பாசி, எங்கே, எவ்வளவு என்பதே கேள்வி.

இக்கேள்வி மீன்தொட்டி பிறந்தபோதே உடன் பிறந்தது. இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர், கண்ணாடித் தொட்டி ஒன்றில் நன்னீர் நிரப்பி, மீனையும் நீர்ப்பூண்டையும் சேர்த்து வைத்து, ஒன்று விடும் வாயுவை மற்றொன்று கொள்ளுமாதலால் நீரை மாற்றாமலே இரண்டும் பிழைக்கும் என்று காட்ட முயன்றார். சிறிது காலத்தில் பூண்டின் இலைகள் அழுகின, நீர் கலங்கிற்று, கண்ணாடியில் பச்சைப் படலம் ஏறிற்று. அவர் மருந்து தேடி அலையவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகலையும் படலத்தையும் தின்று தீர்க்க, தொட்டி தெளிந்தது. 1850-இல் இதை அவர் இரசாயனச் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். பின்னர் கடல்நீரிலும் இம்முயற்சியைத் தொடர்ந்தார். மீன், பூண்டு, நத்தை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் தொட்டியின் கணக்கு நேராகும் என்பதை அவர் கண்டது, இன்றைய கருவிகள் எத்தனை வந்த பின்பும் பொய்யாகவில்லை.

நம் நாட்டிலும் இவ்விஷயம் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் காணும்படி ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்படும்வரை ஒரு தலைமுறை அங்கே கடல்மீன்களைக் கண்டு களித்தது. கடற்பாசிகளின் ஆராய்ச்சியிலோ தமிழகம் பின்தங்கியே இருந்ததில்லை. சென்னையில் பணியாற்றி, இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்பெறும் எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) இராமேசுவரத்தை அடுத்த குருசடைத் தீவின் பாசிகளை ஆராய்ந்து 1927-இல் எழுதினார். அவர் வழிவந்த டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெருநூலை இன்றும் உலகமெங்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். பாசியைக் கண்டவுடன் அழிக்கப் புகாமல் முதலில் இனம் காண வேண்டும் என்ற ஒழுங்கு, இவ்வறிஞர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து.

இனம் காண்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் கடலில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்கள், மரிக்கொழுந்து இது, கஞ்சிப்பாசி இது, கட்டக்கோரை இது என்று கை பட்ட மாத்திரத்தில் பிரித்துச் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு பழக்கம் இல்லாவிட்டாலும் நான்கு கேள்விகள் போதும்: நிறம் என்ன, வடிவம் பொடியா, ஏடா, நாரா, குமிழா, நீர் ஓடும் இடத்தில் வளர்கிறதா, தேங்கும் இடத்திலா, இரவில் இருந்த நிலையும் பகலில் இருக்கும் நிலையும் ஒன்றுதானா? இவற்றோடு பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி ஒன்று கிடைத்தால், ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

புதுத் தொட்டியில் முதலில் வருவது பழுப்புப் பொடி. மணலிலும் கண்ணாடியிலும் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தூசி போலப் படியும். விரலால் தடவினால் எளிதில் அகலும். இது டயாட்டம். தன் உடலைச் சுற்றிச் சிலிக்காவினால், அதாவது கண்ணாடியை ஒத்த பொருளால், கூடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. நுண்ணோக்கியில் வைத்தால் படகு போன்றும் வட்டமாகவும் செதுக்கி வைத்தாற்போன்ற ஓடுகள் தெரியும். நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். இதற்கு அஞ்சி மருந்து இடுவது வீண். நீங்கள் ஊற்றும் நீரிலேயே சிலிக்கா தொடர்ந்து வந்தாலொழிய இது நிலைத்திருப்பதில்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாவது, செந்நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ மணலின்மேல் போர்வை விரித்தாற்போல் படரும் வழவழப்பான ஏடு. நீரோட்டம் குறைந்த மூலைகளில் இது தோன்றும். பகலில் இதன்மேல் காற்றுக் குமிழிகள் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். குழாய் முனையை அருகில் கொண்டுசென்றால் ஏடு முழுவதுமாகப் பெயர்ந்து வரும். முகர்ந்தால் சேற்று நாற்றம் அடிக்கும். பேச்சு வழக்கில் இதைப் பாசி என்றாலும் இது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. தேசிகாச்சாரி வகைப்படுத்திய நீலப்பச்சைப் பாசிகள் இக்குலத்தவையே. இவற்றுள் சில காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்து உரமாக்கிக்கொள்ள வல்லவையாதலால், நைட்ரேட்டை மட்டும் குறைத்துவிட்டு இவற்றை ஒழித்துவிடலாம் என்று எண்ணுபவர் ஏமாந்து போவார்.

மூன்றாவது வகை பலரையும் மயக்குவது. பழுப்பு நிறத்தில் சளி போன்ற நூல்களாகத் தொங்கி, நூல் நுனியில் குமிழியைத் தாங்கி நிற்கும். இரவில் ஏறக்குறைய மறைந்து, விளக்கேற்றிய சில மணி நேரத்தில் மீண்டும் பெருகும். டினோஃபிளாஜெல்லேட் என்று பெயர். இதைச் சோதித்தறிய ஓர் எளிய உபாயம் உண்டு. சளியைச் சிறிது தொட்டி நீரோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நூல்களெல்லாம் அறுந்து நீர் கலங்கும்வரை பலமாகக் குலுக்குங்கள். அதைக் காப்பி வடிதாளில் வடிகட்டுங்கள். வடிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் அசையாமல் வைத்துப் பாருங்கள். தெளிந்திருந்த அந்நீரில் மறுபடியும் நூல் நூலாகத் திரண்டு வருமானால், அது இந்த இனமே. தனித்தனியே நீந்தித் தாளின் துளை வழியே இறங்கிய உயிரணுக்கள் மீண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நிலைமை இங்கே முற்றிலும் நேர்மாறானது என்பதைக் கவனியுங்கள்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாமற்போகும்படி அளவுக்கு மீறித் தூய்மை செய்த தொட்டியிலேதான் இது பெரும்பாலும் தலையெடுக்கிறது. போட்டியிடும் மற்ற பாசிகள் பட்டினியால் ஒடுங்கியதும், வெற்றிடத்தை இது பிடித்துக்கொள்கிறது. இவ்வினத்தில் சில நஞ்சுடையவை; தின்ற நத்தைகள் மடியும். பச்சைப் பாசிக்குச் செய்யும் சிகிச்சையை இதற்குச் செய்தால் நோய் முற்றும் என்பதனால்தான் இனம் காண்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நான்காவது, எல்லோரும் அறிந்த பச்சை மயிர்ப்பாசி. டெர்பீசியா முதலிய பல இனங்கள் இப்பெயருக்குள் அடங்கும். பாறையைப் பிடித்துக்கொண்டு கூந்தல்போல் ஆடும். இழுத்தால் கையோடு வரும். இதனையொத்த தோற்றமுடைய பிரையாப்சிஸ் வேறு. அதன் ஒவ்வொரு கிளையும் நடுநரம்பின் இருபுறமும் பிரிந்து பறவையின் இறகை ஒத்திருக்கும். கையில் எடுத்து நீரில் மிதக்கவிட்டு உருப்பெருக்கியால் நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். நத்தைகள் மயிர்ப்பாசியை விரும்பி மேயும். பிரையாப்சிஸைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்.

ஐந்தாவது, பச்சைக் கண்ணாடிக் கோலிகளைப் போல் பாறை இடுக்கில் மின்னும் குமிழிப் பாசி. வலோனியா என்னும் இவ்வினத்தில் நாம் காணும் குமிழி முழுவதும் ஒரே உயிரணு என்பது வியப்புக்குரியது. நுண்ணோக்கி இன்றியே ஓர் உயிரணுவைக் கையில் ஏந்தி மாணவர்க்குக் காட்டத்தக்க அரிய வாய்ப்பு. அதை நகத்தால் குத்தி உடைக்காமல், அடியில் பிடித்து மெல்லத் திருகி முழுசாகக் கழற்றி எடுப்பதே உசிதம்.

இனி, காரணத்துக்கு வருவோம். மீனுக்கு நாம் இடும் தீனியே தொட்டிக்கு வரும் உரத்தின் பெரும்பகுதி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலர்ந்த தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். அது பாஸ்பேட்டாக மாறினால் சுமார் 30 மில்லிகிராம். 100 லிட்டர் தொட்டியில் அது முழுவதும் கரைந்தால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறும். பவளத்திட்டுகளைச் சூழ்ந்த தெளிந்த கடல்நீரிலோ அது 0.05 மில்லிகிராமைக்கூடப் பெரும்பாலும் எட்டுவதில்லை. ஒரே ஒரு கிராம் தீனி, கடலில் உள்ளதைப்போல் ஆறு மடங்கு உரத்தைத் தொட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் என்பதைக் குழந்தைகள் அறிந்தால், மீன் பசித்திருக்குமே என்ற இரக்கத்தால் மூன்றாம் முறை தீனி தூவ மாட்டார்கள்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. தொட்டி முழுவதும் மயிர்ப்பாசி மண்டிக் கிடக்கும். டெஸ்ட் கிட் வைத்து அளந்தால் பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டும். உடையவர், நீரில் குறையில்லை, விளக்கில்தான் குறை என்று முடிவு கட்டிவிடுவார். உண்மை என்னவென்றால், உரம் நீரில் இல்லை. பாசியின் உடலுக்குள் போய்விட்டது. அளவுகோல் காட்டுவது மிச்சத்தை மட்டுமே, வரவை அன்று. மேலும், சுண்ணாம்புப் பாறைக்கும் மணலுக்கும் பாஸ்பேட்டைத் தம்மேல் பற்றவைத்துக்கொள்ளும் ஸ்வபாவம் உண்டு. நீரில் அளவு குறையக் குறைய, பற்றியதை அவை மெல்ல மெல்ல விடுகின்றன. பழைய தொட்டியில் எவ்வளவு நீர் மாற்றியும் பாசி தணியாதிருப்பதற்கு இந்தப் பழங்கடனே காரணம். பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், கரைந்துள்ள அழுக்கில் பத்தில் ஒரு பங்கே போகும். பாறையில் உள்ளது போகாது.

மலைவாழ் அன்பர்கள் கவனிக்க வேண்டியது நீரின் வரவு. தொட்டியிலிருந்து நாள்தோறும் ஆவியாகிப் போவது சுத்தமான நீர் மட்டுமே. உப்பும் தாதுக்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆதலால் குறைந்த அளவை ஈடுசெய்ய உப்பில்லாத நீரைத்தான் சேர்க்க வேண்டும். உப்புநீரைச் சேர்த்தால் 1.025 இருக்க வேண்டிய ஒப்படர்த்தி ஏறிக்கொண்டே போகும். அப்படிச் சேர்க்கும் நீர் கிணற்றிலிருந்தோ சுனையிலிருந்தோ வருமானால், பாறையிடுக்குகளில் ஊறி வரும்போது அது கரைத்துக்கொண்ட சிலிக்காவும், கொல்லைக்கு இட்ட யூரியாவிலிருந்து கசிந்த நைட்ரேட்டும் ஒவ்வொரு நாளும் தொட்டிக்குள் வந்து சேர்ந்து, ஆவியாகும் நீரோடு வெளியேறாமல் குவியும். பார்வைக்கு ஸ்படிகம்போல் தெளிந்த மலைநீரும் இதற்கு விலக்கன்று. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்து, அதன்பின் அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசினிலும் செலுத்திய நீரே ஏற்றது; கரைந்த பொருளின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். சிலிக்கா ஆர்.ஓ. சவ்விலிருந்து ஓரளவு தப்பிவிடுமாகையால், டயாட்டம் மீண்டும் மீண்டும் வந்தால் அந்தப் பிசினை மாற்றும் காலம் வந்துவிட்டதென்று அறியலாம்.

வெளிச்சம் இரண்டாவது காரணம். நாளொன்றுக்கு 8 மணி முதல் 10 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும். கடிகாரச் சுவிட்சு ஒன்றை வைத்துவிட்டால் மனிதனின் மறதிக்கு இடமில்லை. ஜன்னல் வழியே விழும் வெயில் கணக்கில் வராத வரவு. அதைத் திரையிட்டுத் தடுக்க வேண்டும். வெளிச்சத்தை வீணே சிந்தவிடாமல் காக்கும் அருமையைக் காவலூர் வானாய்வுக் கூடத்துக்கு அண்டை அயலில் வாழும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது காரணம் நீரோட்டக் குறைவு. ஓட்டம் தளர்ந்த மூலையில் கழிவு தங்கும். கழிவு தங்கிய மூலையில் செந்நிற ஏடு விரியும். பம்பைச் சிறிது திருப்பி வைத்ததனாலேயே அது அகன்ற தொட்டிகள் பல.

நான்காவது காரணம், மேய்பவை இல்லாமை. இதன் கனத்தை உலகுக்கு உணர்த்திய சம்பவம் 1983, 1984-ஆம் ஆண்டுகளில் கரீபியன் கடலில் நடந்தது. டயடெமா என்ற நீள்முள் கடல் முள்ளெலிகள் ஏதோ ஒரு கொள்ளைநோயால் அப்பரப்பெங்கும் கூட்டங்கூட்டமாக மாண்டன. அவை மேய்ந்து வந்த பாறைகளைப் பாசி மூடிற்று. குறிப்பாக ஜமைக்காவின் பவளத்திட்டுகள் பாசிக்காடுகளாயின. நீரில் உரம் அதே அளவில் இருந்தாலும், எடுப்பவர் மறைந்தால் பாக்கி ஏறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நம் கடலிலும் ஓரா மீனும் கிளிமீனும் பாசி மேய்ந்து வாழ்பவை. ஆனால் அவை பெரிதாக வளர்பவையாதலால் சிறு தொட்டியில் அடைப்பது பாவம். சிறு தொட்டிக்கு நத்தைகளே உத்தமம். இங்கே சட்டத்தையும் நினைவூட்டுகிறேன்: 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும் அவற்றைக் கடலிலிருந்து எடுத்துவருவது குற்றம். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையைக் கண்டிருக்கிறார்கள். அவ்வாறு வளர்ந்த மீனும், சுட்ட மண் கட்டிகளும் பள்ளித் தொட்டிக்குப் போதுமானவை.

பரிகாரத்தின் வரிசை இப்போது தானே விளங்கும். முதலில் கை. பாசி பிடித்த கட்டியை வெளியே எடுத்து, தொட்டியிலிருந்து கழித்த உப்புநீர் உள்ள வாளியில் அமிழ்த்தி, கனத்த பாசியை விரலால் பறித்து, எஞ்சியதைப் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, மற்றொரு வாளி உப்புநீரில் அலசித் திரும்ப வைக்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துண்டுகள் எங்கும் பரவும். பெயர்க்க முடியாத இடத்தில் ஒரு கையால் பறித்துக்கொண்டே மறு கையில் குழாய் பிடித்து உறிஞ்ச வேண்டும். பாசியாக மாறிய உரத்தைப் பாசியாகவே வெளியேற்றுவது, அதைக் கொன்று நீரிலேயே அழுகவிட்டு மீண்டும் உரமாக்குவதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது, வரவைக் குறைப்பது: தீனியை அளந்து இடுவது, உறைந்த தீனியைக் கழுவி இடுவது, நீரைச் சுத்தமாக்குவது. மூன்றாவது, செலவைக் கூட்டுவது. ஸ்கிம்மர் என்ற நுரைப்பான், நுண்ணிய காற்றுக் குமிழிகளில் அழுக்கை ஒட்டவைத்து, அது கரைந்து உரமாவதற்கு முன்பே நுரையாக வெளியே தள்ளுகிறது. இதனினும் எனக்கு உவப்பானது, பாசியைப் பாசியாலேயே அடக்கும் முறை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, தனியே ஒரு வலைத்தட்டில் பிரகாசமான வெளிச்சத்தில் பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அவ்வப்போது சுரண்டி எடுத்துவிடுவதன் மூலம் காட்சித் தொட்டியைத் தெளிவாக வைக்கலாம் என்று காட்டினார். கீட்டோமார்ஃபா என்ற கம்பிச்சுருள் போன்ற பச்சைப் பாசியை ஒரு பக்க அறையில் வளர்த்து, மாதந்தோறும் ஒரு கைப்பிடி அறுத்தெறிவதும் இதே தத்துவம். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளும் கிடைக்கின்றன. அவற்றைச் சிறிது சிறிதாகவே இட வேண்டும். ஒரேயடியாக உரத்தைப் பூஜ்யமாக்கினால், மூன்றாவதாகச் சொன்ன சளிநூல் இனத்துக்குப் பாய் விரித்தவர்களாவோம்.

தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் இருளில் வைப்பது, மருந்து இடுவது ஆகியவை கடைசி உபாயங்கள். இருள் ஏட்டை வாட்டும். ஆனால் வாடியது அழுகும்போது பிராணவாயு குறையுமாதலால், முன்னதாகவே உறிஞ்சி எடுத்துவிட்டுக் காற்றுக் குழாயை ஓடவிட வேண்டும். எரித்ரோமைசின் செந்நிற ஏட்டைக் கொல்லும். கழிவைச் சுத்திகரிக்கும் நல்ல பாக்டீரியாவும் அதனால் நலியக்கூடும். பாசிக்கென்று மயில்துத்தம் இடுவது மகா அனர்த்தம். அதிலுள்ள தாமிரம் நத்தை, நண்டு, இறால் அனைத்தையும் மாய்த்து, மேய்பவை இல்லாத தொட்டியாக்கிவிடும். காரணத்தை வைத்துக்கொண்டு மருந்தை நம்பினால் அடுத்த மாதம் அதே பாசி வந்து நிற்கும்.

தொட்டியைப் பற்றிச் சொன்னது கடலுக்கும் பொருந்துமா என்று கேட்பீர்கள். பிலிப்பைன்ஸ் கடல்களைத் தாயகமாக உடைய காப்பாஃபைகஸ் என்ற பாசி, ஐஸ்கிரீம் முதலியவற்றில் சேரும் கராகீனன் என்ற பொருளுக்காக மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் பயிரிடப்பட்டது. கடலோரப் பெண்கள் பலருக்கு அது வருவாய் தந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. அதன் 21 தீவுகளுள் ஒன்று, ஐயங்கார் ஆராய்ந்த அதே குருசடைத் தீவு. அங்கே இப்பாசி பவளங்களின்மேல் ஏறிப் போர்த்து நிற்பது 2008-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. பின்னர் வனத்துறையினர் ஆட்களை இறக்கிக் கையால் பறித்தெடுக்கச் செய்தார்கள். பவளக் கிளைகளின் இடுக்கில் தங்கிய சிறு துண்டும் மறுபடி தழைத்ததனால், பறித்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் பறிக்க நேர்ந்தது. உள்ளே விடுவது ஒரு நாள் வேலை. வெளியே எடுப்பது ஆண்டுக் கணக்கான வேலை.

மீன்தொட்டியிலிருந்தே கடலுக்குத் தாவிய பாசியும் உண்டு. தொட்டி அலங்காரத்துக்கென ஐரோப்பாவில் வளர்க்கப்பட்ட கௌலெர்பா டாக்சிஃபோலியா, 1984-இல் மொனாக்கோவின் கடலியல் காட்சிசாலைக்கு நேர் கீழே சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. பொருட்படுத்துவாரின்றி விட்டதன் விளைவாக, அது மத்தியதரைக் கடலின் கரைகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவிற்று. 2000-இல் கலிபோர்னியாவின் ஓர் உப்பங்கழியில் அதே பாசி தலைகாட்டியபோதோ, அவ்வரசினர் காலம் தாழ்த்தவில்லை. பாசித் திட்டுகளைத் தார்ப்பாயால் மூடி உள்ளே குளோரின் செலுத்தி, 2006-இல் அறவே ஒழிந்ததென்று அறிவித்தார்கள். ஒருவர் ஒரு சதுர மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். மற்றவர் பார்த்ததும் குனிந்தார். வேறுபாடு அவ்வளவே.

இம்மலைக்கும் இதில் பங்குண்டு. செய்யாறு இங்கே பிறந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, கல்பாக்கத்தை அடுத்த வாயலூர்ப் பக்கம் வங்கக் கடலை அடைகிறது. கொல்லையில் மிகுதியாகத் தூவிய உரம் மழையோடு அவ்வழியே போகிறது; அங்கே அது யாருடைய தொட்டியின் வரவாகிறது என்பதை நீங்கள் ஊகிக்கலாம். ஆதலால் பள்ளித் தொட்டியிலிருந்து பறித்த பாசியை ஓடையில் எறியாமல், வெயிலில் சருகாக உலர்த்தியபின் புதையுங்கள். கழித்த உப்புநீரைப் பயிர் மண்ணிலும் நீர்நிலையிலும் சேராதபடி அகன்ற தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தொட்டி வாங்குவதற்கு முன் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். இட்ட தீனி எத்தனை கிராம், சேர்த்த நீர் எத்தனை லிட்டர், விளக்கு எரிந்த நேரம், நைட்ரேட், பாஸ்பேட், பறித்த பாசியின் எடை என்று ஆறு கட்டங்கள் போட்டு, வாரம் ஒரு மாணவர் அதை நிரப்பட்டும். முதல் ஆண்டில் பாசி வந்தே தீரும். அது வரும்போது கடைக்காரரைத் தேடி ஓடாமல் அந்த ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் வரவு மிகுந்தது என்பதை உங்கள் மாணவரே விரல் வைத்துக் காட்டுவார். அவ்வாறு காட்டக் கற்றவர், நாளை தம் ஊர் ஏரி பச்சையாக மாறும்போதும் காரணத்தைக் கேட்பார்.